குன்னூரில் கோடைப் பயிற்சிக்குப் போகும் முன்
கோடை விடுமுறையில் குன்னூர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரப்போகும் பி.காம். மாணவர்களே, தேயிலை வருமானக் கணக்கை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். பச்சைத் தேயிலையைப் பறித்து விற்கும் சிறு விவசாயிக்கு அது முழுக்க விவசாய வருமானம். மத்திய வருமான வரி கிடையாது. தானே பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்கும் எஸ்டேட்டுக்கோ லாபத்தில் 40 சதவீதம் வரிக் கணக்கில் வரும், மீதி 60 விவசாயம். வெளியிலிருந்து இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைக்கு முழு லாபமும் வியாபாரம்தான். முதல் நாளே மூன்றையும் குழப்பி ஒரு முழுப் பக்கத்தை அழித்தவன் நான். நல்லவேளை, பென்சிலால் எழுதியிருந்தேன்! தங்கும் அறையை மார்ச்சிலேயே மாத வாடகைக்குப் பேசி முடியுங்கள். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டம் வந்துவிட்டால் வாடகை எகிறிவிடும்.