கப்பலில் முதல் இரவு எங்கே சாப்பிடுவது?

சொகுசுக் கப்பலில் ஏறும் நாளன்று கேபின் எப்படி இருக்கும், நீச்சல்குளம் எந்தத் தளத்தில் என்றெல்லாம் விசாரிக்கிறவர்கள், இரவுச் சாப்பாட்டை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பசித்தபின் கூட்டம் போகும் பக்கம் போகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியாரையும் வேர்க்கடலை ஒவ்வாத தங்கை மகனையும் அழைத்துக்கொண்டு பயணம் செய்கிற எனக்கு அப்படி விட முடியாது. அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். முதல் இரவுக்கு இடம் தேடும்போது மெனுவைக் கடைசியில் பாருங்கள். அன்று மாலை உடம்பு எந்த நிலையில் இருக்கும், நேரம் எப்படி நகரும், வரப்போகும் நாட்களுக்காக யாரிடம் பேசி வைக்க வேண்டும் என்பவற்றை முதலில் பாருங்கள்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான கப்பல்கள் நண்பகலையொட்டிப் பயணிகளை ஏற்றி, மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் கிளம்புகின்றன. இதற்குள் பாதுகாப்பு ஒத்திகையை முடித்தாக வேண்டும். அதை ஒரு சடங்காக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து மாலையில் கிளம்பிய கோஸ்டா கொன்கார்டியா, அன்றிரவே ஜிலியோ தீவருகே பாறையில் மோதியது. மணி ஒன்பதே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. பலர் இரவுச் சாப்பாட்டில் இருந்தார்கள். அன்று அந்தத் துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு ஒத்திகை அதுவரை நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றிருந்த சர்வதேச விதி அதன் பிறகு மாறியது. புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இப்போது பல நிறுவனங்களில் செயலியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் கூடுவதற்கென உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டிவிட்டு வந்தால் முடிந்தது. ஏறிய கையோடு இதைச் செய்யுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன்: அன்றிரவு சாப்பிடப்போகும் இடத்திலிருந்து அந்தக் கூடும் இடம் வரை மாமியாரை ஒருமுறை நடத்தி அழைத்துப் போவேன். லிஃப்டில் போகாமல் படிக்கட்டில்தான். அவசரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், அவரால் எத்தனை தளம் இறங்க முடியும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி இடங்களுக்கு வருவோம். வழக்கமான கப்பல்களில் மூன்று வகை உண்டு: கட்டணத்திலேயே அடங்கிய பிரதான உணவுக்கூடம், அதேபோல் அடங்கிய பஃபே, தனிக்கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகங்கள்.

என் முதல் தேர்வு பிரதான உணவுக்கூடம். அதிலும், தினமும் ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பரிமாறுபவர்கள் என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் முதல் இரவு தவறவே கூடாது. அன்றுதான் பரிமாறுபவர் உங்கள் முகத்தையும் பழக்கங்களையும் மனத்தில் பதித்துக்கொள்கிறார். தண்ணீரில் பனிக்கட்டி வேண்டாம், சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் அவகாசம் வேண்டும், இனிப்புக்குப் பதில் பழம் போதும் என்று ஒருமுறை சொன்னால், மறுநாள் கேட்காமலே நடக்கிறது. பெரிய மேசையில் முன்பின் அறியாதவர்களோடு உட்காருகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். பெயர் சொல்லி அறிமுகமாவது முதல் இரவில்தான். மூன்றாம் இரவில் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குள் பேச்சு எங்கோ போயிருக்கும்.

டிஸ்னி கப்பல்களில், 1998இல் டிஸ்னி மேஜிக் புறப்பட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு இரவும் வேறு உணவகத்துக்குப் போவீர்கள். உங்கள் பரிமாறுபவர்களும் கூடவே வருவார்கள். அங்கே முதல் இரவு எந்த உணவகம் என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது போய் அமர்வதுதான்.

அதற்கு நேரெதிர், நேரமும் மேசையும் கட்டாயமில்லாத முறை. 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. இப்போது மற்ற பெரிய நிறுவனங்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. இந்த முறையில் முதல் இரவு ஏழு, ஏழரை மணிக்கு வாசலில் நீண்ட வரிசை நிற்கும். எல்லோரும் பெட்டியைப் பிரித்துவிட்டு ஒரே நேரத்தில் பசியோடு வருவதால்தான். செயலியில் முன்பதிவு இருந்தால் ஏறும் முன்பே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள், அல்லது எட்டரைக்கு மேல் போங்கள்.

ஒதுக்கிய நேரம் உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். முதல் பந்தி பெரும்பாலும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கும். கப்பல் கரையை விட்டு நகர்வதும் கிட்டத்தட்ட அப்போதுதான். கயிறுகள் அவிழ்ந்து, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் மெல்ல அகலமாகும் அந்த நேரத்தில் மேல்தளத்தில் நிற்பதை நான் எந்தச் சாப்பாட்டுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கும் அப்படியென்றால் இரண்டாம் பந்தியைப் பதிவு செய்யுங்கள்; எட்டு மணிவாக்கில் இருக்கும். இன்சுலின் நேரம், தூங்கிவிடும் குழந்தை போன்ற காரணங்களால் முதல் பந்திதான் வேண்டும் என்றால், அன்று மட்டும் பஃபேக்குப் போவது நல்லது. பல கப்பல்களில் பஃபே மேல்தளத்தில் பின்புறம் இருக்கிறது. திறந்தவெளியிலும் மேசைகள் போட்டிருப்பார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே துறைமுகம் விலகுவதைப் பார்க்கலாம். அப்படியானால் முன்னதாகவே உணவுக்கூடத்துக்குப் போய், அன்று வரவில்லை என்று சொல்லிவிட்டு, பரிமாறுபவரிடம் அறிமுகமும் ஆகிவிட்டு வாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கடல் ஒவ்வாதவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். துறைமுகத்துக்குள் கப்பல் அசைவதே தெரியாது. துறைமுகத்தை விட்டு வெளியேறக் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், தன் படகில் இறங்கிப் போனபின், திறந்த கடலில்தான் ஆட்டம் தொடங்கும். பல பயணங்களில் அது சரியாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்கிறது. கப்பலின் இருபுறமும் தண்ணீருக்குள் நீளும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. அந்த ஆட்டம் கப்பலின் நடுவில் குறைவாகவும் முனைகளில் அதிகமாகவும் இருக்கும். பல கப்பல்களில் பிரதான உணவுக்கூடம் கீழ்த்தளத்தில், பின்முனையில் அமைந்திருக்கிறது. கீழே இருப்பது நல்லது; பின்முனை நல்லதல்ல, உந்துவிசையின் அதிர்வும் அங்கேதான் தெரியும். எனவே கடைசியில் உள்ள பெரிய சன்னலோர மேசைக்கு ஆசைப்படாமல், கூடத்துக்குள் நுழைந்ததும் வரும் பகுதியில், கப்பலின் நடுவை ஒட்டிய மேசையைக் கேளுங்கள். மேல்தள பஃபேயில் ஆட்டம் கூடுதலாகத் தெரிந்தாலும் தொடுவானத்தைப் பார்க்க முடிகிறது. சிலருக்கு அதுவே குமட்டலை அடக்கிவிடும். மாத்திரை போடுகிறவர்கள் குமட்டல் வரும் முன்பே போட வேண்டும், அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான். வயிற்றைக் காயப்போடாதீர்கள், நிரப்பவும் வேண்டாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். நீண்ட விருந்தை அதற்குப்பின் வைத்துக்கொள்ளலாம்.

சிறப்பு உணவகங்களைப் பற்றி முதல் இரவில்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள். ஏறியதும் நடைவழிகளில் மேசை போட்டு, இன்றிரவுக்குத் தள்ளுபடி என்று அழைப்பார்கள். அது வெறும் பேச்சல்ல. முதல் இரவு அங்கே கூட்டம் குறைவு, அதனால் உண்மையிலேயே குறைத்துக் கொடுக்கிறார்கள். இருவராகப் பயணம் செய்து, களைப்பும் இல்லாமல், மேசைக் கூட்டாளிகள் என்ற பேச்சே இல்லாத முறையில் இருந்தால் தாராளமாகப் போங்கள். அமைதி கிடைக்கும், கவனிப்பும் கிடைக்கும். பணம் கட்டும் முன் சொல்லும் தொகை முழுச் சாப்பாட்டுக்கா, பதார்த்தம் பதார்த்தமாகவா, சேவைக் கட்டணம் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை விமானம் பிடித்து, வரிசைகளில் நின்று வந்த நாளில் நான் போக மாட்டேன். பணம் கொடுத்து இரண்டு மணி நேரம் கண்ணைத் திறந்துவைக்கப் போராடுவதைவிட, கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல்நாள் ஒன்றுக்கு அதே உணவகத்தில் பதிவு செய்துகொள்வேன். நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பதிவை மட்டும் முதல் நாளே முடித்துவிடுவேன். விர்ஜின் வாயேஜஸ் போன்ற கப்பல்களில் பஃபேயும் இல்லை, பிரதான உணவுக்கூடமும் இல்லை. உணவகங்கள் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். அங்கே ஏறும் முன்பே பதிவு செய்வது ஏறக்குறைய கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பஃபேயின் பலம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது. குழந்தைகள் பாதியில் எழுந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் நாள் மதியம் அங்கே நிற்க இடமிருக்காது. கேபின்கள் தயாராகும் வரை எல்லோரும் அங்கேதான் தங்குகிறார்கள். சில கப்பல்களில் அன்று மதியம் பிரதான உணவுக்கூடமும் திறந்திருக்கும். பெரிதாக அறிவிக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். எங்கே சாப்பிட்டாலும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கையைக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமாகும் நோரோ வைரஸுக்கு எதிராகக் கைகளில் தடவும் சானிடைசர் மட்டும் போதாது. பஃபேயில் கரண்டிப் பிடியைத் தொட்டபின் அதே கையால் வாயைத் தொடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். தட்டை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு மறுபடி கழுவி வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

உணவு ஒவ்வாமை இருந்தால் முதல் இரவு பஃபே வேண்டவே வேண்டாம் என்பேன். ஒரு பாத்திரத்தின் கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது. பதிவின்போது எழுதிக் கொடுத்திருந்தாலும், பிரதான உணவுக்கூடத்தின் மேலாளரை நேரில் பார்த்து மறுபடி சொல்லுங்கள். பல நிறுவனங்களில், இப்படிப்பட்டவர்களுக்கு மறுநாள் மெனுவை முந்தைய இரவே கொடுத்து, வேண்டியதைக் குறித்துக்கொள்கிறார்கள். சமையலறை தனியாகச் செய்து தர அதனால்தான் முடிகிறது. எந்தப் பொருள், தொட்டால் ஆகாதா, உண்டால் மட்டுமா, மருந்து யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். தங்கை மகனின் அட்டையை நான் பரிமாறுபவரிடமே கொடுத்துவிடுவேன். அவர் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோக முடியும்.

உடை பற்றிக் கவலை வேண்டாம். பெரிய பெட்டிகள் கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம், இரவும் ஆகலாம். அதனால் முதல் இரவு பெரும்பாலும் சாதாரண உடைக்கான இரவுதான். ஆனால் மருந்துகளும் ஒரு மாற்றுச் சட்டையும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஒப்படைக்கவே கூடாது.

மேசை பிடிக்கவில்லையா? இருவருக்கான மேசை கேட்டு எட்டுப் பேருக்கானது கிடைத்ததா? ஏறிய நாள் பிற்பகலில் உணவுக்கூட வாசலில் இதற்காகவே ஒருவர் பட்டியலுடன் உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் எது என்பதை அன்றைய நிகழ்ச்சி நிரலில் பார்த்துப் போங்கள். அதைத் தவறவிட்டால், முதல் இரவுச் சாப்பாடு முடிந்து எழும்போது மேலாளரிடம் காரணத்தோடு கேளுங்கள். வராதவர்களின் இடங்கள் எவை என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் நாள் காலைக்குள் சொல்லிவிட்டால் மாற்றித் தருவது அவருக்கும் எளிது.