கைவானில் ஊலாங்: குங்ஃபூ தேநீர் போட ஆரம்பிப்பவர்களுக்கு

சீனத் தேநீர் என்றதும் பட்டு உடை, மெல்லிய இசை, மணிக்கணக்கில் நீளும் சடங்கு என்று நினைத்துப் பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். குங்ஃபூ தேநீர் வேரூன்றியிருக்கும் சாவோசோவில் அது அன்றாட விஷயம். குவாங்டாங் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற அந்த ஊரில் கடை மேசையிலும் வீட்டுக் கூடத்திலும் தேத்தட்டு எப்போதும் தயாராக இருக்கும். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் வைப்பார்கள். மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் பாக் குட் தே (பன்றி எலும்புச் சூப்) கடைகளில் இதே சின்னக் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். தென்சீனாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கூடவே கொண்டுபோன பழக்கம் அது.

இந்த முறையின் உயிர் அளவில் இருக்கிறது. சின்னப் பாத்திரம், நிறைய இலை, குறைந்த நேரம். சாதாரணமாகப் பால் சேர்க்காத தேநீர் போடும்போது 200 மி.லி. தண்ணீருக்கு 2, 3 கிராம் இலை போட்டு மூன்று நான்கு நிமிடம் விடுவோம். இங்கே 100 மி.லி.க்கு 6 கிராம். ஆனால் 10, 15 விநாடியில் வடித்துவிட வேண்டும். கேட்டால் வீண்செலவு போலத் தெரியும். அப்படியில்லை, அதே இலையில் ஆறேழு முறை தண்ணீர் ஊற்றலாம். அரை லிட்டருக்கு மேல் தேநீர் கிடைக்கும், ஒவ்வொரு ஊறலும் ஒவ்வொரு சுவையில் இருக்கும். முதலில் மணம் முந்திக்கொண்டு வரும், நடுவில் கனம் கூடும், கடைசியில் இனிப்பு மட்டும் நிற்கும். இலை ஊறும் நேரம் நீள நீளத் துவர்ப்பும் கசப்பும் அதிகம் இறங்கும் என்பதால்தான் நேரத்தைச் சுருக்கி இலையைக் கூட்டுகிறார்கள்.

என்னென்ன வேண்டும்

முதலில் ஒரு கைவான். மூடி, கிண்ணம், அடித்தட்டு மூன்றும் சேர்ந்த பீங்கான் பாத்திரம் இது. வெள்ளை நிறம், 100 முதல் 120 மி.லி. அளவு, விளிம்பு வெளிப்பக்கம் நன்றாக விரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது மற்ற எதையும்விட இந்த விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் படாத அந்த விரிந்த பகுதிதான் உங்கள் விரல் பிடிக்கிற இடம். நேராக எழும்பி நிற்கும் விளிம்பு உள்ளதை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து 30, 40 மி.லி. பிடிக்கும் கோப்பைகள் மூன்று. வடித்த தேநீரைச் சேர்த்துப் பங்கிட ஒரு சின்னக் கண்ணாடி ஜாடி. கழிவுத் தண்ணீர் ஊற்ற ஆழமான தட்டு, வீட்டில் இருக்கும் தாம்பாளம் போதும். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. மூங்கில் மேசை, தேத்தட்டில் அழகுக்கு வைக்கும் தவளை பொம்மை, மரக் கரண்டிகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"யீசிங் மண் குடுவை வாங்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஜியாங்சு மாகாணத்து யீசிங்கில் செய்யும் ஊதாமண் குடுவை உண்மையிலேயே அருமையான பொருள். மெருகு பூசாத மண் என்பதால் தேநீரின் வாசனை அதில் ஏறும், அதனால் ஒரு குடுவைக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்வார்கள். ஆரம்பிப்பவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. போலிகள் ஏராளம், நல்லது விலை அதிகம். பீங்கான் எதையும் உறிஞ்சாது, எதையும் சேர்க்காது. இலை எப்படியோ அப்படியே காட்டும். கற்றுக்கொள்ளும்போது அதுதான் தேவை. அந்தப் பணத்துக்கு நல்ல இலை வாங்குங்கள்.

எந்த இலை

ஊலாங் என்பது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவில், பாதி ஆக்ஸிஜனேற்றம் ஆனதும் நிறுத்திய தேயிலை. குங்ஃபூ முறை இதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஃபூஜியான் மாகாணத்து ஆன்சியின் தியே குவான்யின், தைவானின் டோங்டிங் போன்றவை உருண்டை உருண்டையாகச் சுருண்டிருக்கும். வூயி மலையின் பாறைத் தேநீரும், சாவோசோவுக்கு வடக்கே ஃபெங்ஹுவாங் மலையில் விளையும் டான்சோங்கும் நீளமாக முறுக்கியபடி இருக்கும். டான்சோங்கின் மணத்துக்கு ஈடு கிடையாது. எதுவும் சேர்க்காமலே பூ மணமும் தேன் மணமும் வரும். ஆனால் நேரம் ஐந்து விநாடி கூடினாலும் கசந்துவிடும். நடுத்தரமாக வறுத்த டோங்டிங்கிலோ தியே குவான்யினிலோ தொடங்குங்கள், நேரம் கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகாது.

தண்ணீர்

8ஆம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய லு யூ, மலை நீர் முதல், ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி என்று தரம் பிரித்தார். கொதிநிலையையும் மூன்றாகச் சொன்னார்: மீன் கண் போன்ற குமிழிகள் வருவது முதல் கொதி, பாத்திரத்தின் ஓரத்தில் முத்துச்சரம் போலக் கிளம்புவது இரண்டாவது, அலையாகப் புரள்வது மூன்றாவது. வெப்பமானி இல்லாதவர்கள் இன்றைக்கும் இதை வைத்தே சமாளிக்கலாம். ஊலாங்குக்கு அலை புரளத் தொடங்கும் தண்ணீர், அதாவது 95 டிகிரிக்கு மேல். பச்சைத் தேயிலை என்றால் 80 போதும்.

உப்புத் தண்ணீரில் நல்ல இலையைப் போடாதீர்கள். மேலே ஆடை மாதிரி படியும், மணம் அமுங்கிவிடும். தாது எல்லாம் போய்விட்ட ஆர்.ஓ. தண்ணீரில் சுவை சப்பென்று இருக்கும். தாது குறைவாக உள்ள பாட்டில் தண்ணீர் கிடைத்தால் ஒருமுறை அதில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சூடாக்குவதும் முகர்வதும்

கைவான், ஜாடி, கோப்பைகள் எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றி, அரை நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் 100 மி.லி. தண்ணீர் நொடியில் சூடு இழந்துவிடும், பாத்திரம் சின்னது அல்லவா.

சூடான வெறும் கைவானில் 6 கிராம் இலை போடுங்கள். உருண்டை இலை என்றால் அடியில் கால் பங்குதான் நிரம்பும். "இது போதுமா" என்று தோன்றும், கூட்டாதீர்கள். விரிந்தபின் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். நீள இலை என்றால் அதே 6 கிராம் முக்கால் கிண்ணம் வரைகூட வரும்.

மூடிபோட்டு இரண்டு முறை குலுக்குங்கள். மூடியை லேசாகத் திறந்து மூக்கை அருகில் கொண்டுபோய் முகருங்கள். பொட்டலத்தில் இருந்தபோது வைக்கோல் மாதிரி மட்டும் மணந்த இலை, கைவானின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் எழுந்துவிடும். வறுத்த டோங்டிங்கில் முதலில் வறுத்த தானியம், அதற்குக் கீழே பழுத்த பழம், இன்னும் அடியில் ஏதோ ஒரு பூ. தண்ணீர் விடுவதற்கு முன்பே இலையின் தரம் பாதி தெரிந்துவிடும் இடம் இது. வந்திருப்பவர்களிடமும் கொடுத்து முகரச் சொல்லுங்கள், பேச்சு தானாகத் தொடங்கும்.

இலையை நனைத்தல்

கொஞ்சம் உயரத்திலிருந்து, விளிம்பு ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். நுரை மேலே வரும். மூடியின் ஓரத்தால் அதை வழித்துவிட்டு, மூடி, உடனே வடித்துக் கொட்டுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். இறுகிய உருண்டைகள் இளகுவதற்காகச் செய்வது இது. பச்சைத் தேயிலைக்கு இந்த நனைப்பு வேண்டாம், முதல் நல்ல ஊறலைக் கொட்டிவிடுவீர்கள்.

வடித்தல்

கொஞ்சம் பழக்கம் கேட்கிற இடம் இதுதான், எனவே நிதானமாகப் பார்ப்போம்.

தண்ணீரை விளிம்பு விரியத் தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள். கை சுடுவதற்குப் பெரும்பாலும் கைவான் காரணமில்லை, அதிகமாக ஊற்றிய தண்ணீர்தான் காரணம். மூடியைப் போட்டு, வடிக்கப்போகும் பக்கத்தில் ஒரு நூலிழை இடைவெளி வரும்படி அதைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். தேநீர் வெளியே வர வேண்டும், இலை வரக்கூடாது, அவ்வளவுதான் இடைவெளி.

இப்போது கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பின் எதிரெதிர் ஓரங்களில். ஆள்காட்டி விரல் மூடிக் குமிழின் மேல். மற்ற விரல்கள் கிண்ணத்தின் உடம்பில் படாமல் விலகி இருக்கட்டும். அடித்தட்டை மேசையிலேயே விட்டுவிடலாம். தூக்கி, ஜாடிக்கு மேல் கொண்டுபோய், தயங்காமல் செங்குத்தாகக் கவிழ்த்துங்கள். பயந்து மெதுவாகச் சாய்த்தால் ஆவி விரலை நோக்கி வரும், தேநீரும் பக்கவாட்டில் வழியும். முழுதாகக் கவிழ்த்தால் நான்கைந்து விநாடியில் வேலை முடிந்துவிடும். கடைசிச் சொட்டு வரை விழட்டும். உள்ளே தங்கிய தண்ணீர் அடுத்த ஊறலைக் கசக்க வைக்கும்.

முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஒரு பத்து முறை கவிழ்த்துப் பழகுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீர். பிறகுதான் கொதிநீர்.

நேரக் கணக்கு: முதல் ஊறல் 15 விநாடி, ஏனென்றால் உருண்டை இன்னும் முழுதாக விரியவில்லை. இரண்டாவது 10. மூன்றாவது 15. அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் 5, 10 விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஏழாவதில் ஒரு நிமிடம்கூட விடலாம். இதெல்லாம் தொடக்கத்துக்கு மட்டும். சில நாளில் கடிகாரம் பார்க்காமல் மூடிக்கடியில் தெரியும் நிறத்தை வைத்தே வடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

பரிமாறுதல்

ஜாடியில் வடித்துக்கொண்டால் முன்னால் வந்த மெல்லிய தேநீரும் பின்னால் வந்த கெட்டித் தேநீரும் கலந்துவிடும், எல்லோருக்கும் ஒரே சுவை. பழைய சாவோசோ முறையில் ஜாடி கிடையாது. அதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். மூன்று கோப்பைகளையும் ஒன்றையொன்று தொடும்படி முக்கோணமாக வைத்து, அவற்றின் மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள். இதற்கு "குவான் கோங் நகர்வலம்" என்று பெயர், மூன்று அரசுகள் காலத்துத் தளபதி குவான் யூவை நினைத்து வைத்தது. தேநீர் தீர்ந்து சொட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொரு சொட்டாகப் பங்கிடுவார்கள். அதன் பெயர் "ஹான் சின் படையை எண்ணுகிறார்". ஹான் அரசை நிறுவ உதவிய தளபதி ஹான் சின். கடைசிச் சொட்டுதான் மிகக் கெட்டி. அது ஒருவருக்கே போய்விடக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த வழக்கம் இது. குங்ஃபூ தேநீரில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

சாவோசோவில் நான்கைந்து பேர் இருந்தாலும் கோப்பை மூன்றாகவே இருப்பதுண்டு. முதலில் விருந்தினர், பெரியவர்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கொதிநீரில் கோப்பையைக் கழுவி அடுத்த சுற்று போகும். போடுகிறவர் கடைசியில் குடிப்பார். நடுவில் புதிதாக யாராவது வந்தால் பழைய இலையைக் கொட்டிப் புதிது போடுவது மரியாதை. கோப்பையை முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகவே நிரப்புங்கள், அப்போதுதான் விரல் சுடாமல் எடுக்க முடியும். தென்சீனாவில் தேநீர் ஊற்றியவருக்கு நன்றியாக மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். மாறுவேடத்தில் போன சியென்லோங் பேரரசர் தன் ஆட்களுக்குத் தேநீர் ஊற்றினார், காலில் விழுந்து வணங்க முடியாத அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

குடிப்பது

30 மி.லி.யை ஒரே மடக்கில் விழுங்கிவிடாதீர்கள். யுவான் மெய் என்ற சீனக் கவிஞருக்கு வூயித் தேநீர் பிடிக்காது, மருந்து குடிப்பதுபோல இருக்கிறது என்பார். 1786இல் அவர் வூயி மலைக்குப் போனபோது அங்கிருந்த துறவிகள் வால்நட் அளவுக் கோப்பையிலும் நாரத்தங்காய் அளவுக் குடுவையிலும் அதே தேநீரைக் கொடுத்தார்கள். முதலில் முகர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துக் குடித்ததும் மனம் மாறிவிட்டார். அதைத் தன் சமையல் நூலிலும் எழுதிவைத்தார். இலை பழைய இலைதான், குடித்த விதம்தான் வேறு.

மூன்று வாயாகக் குடியுங்கள். விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே ஓர் இனிப்பு, அந்த மாதிரி தொண்டையில் மெல்ல ஏறும். நல்ல ஊலாங் இல்லாவிட்டால் அது வராது.

வெறும் வயிற்றில் வேண்டாம். 6 கிராம் இலையின் காஃபீன் லேசானதல்ல, தூக்கம் கெடும் என்பவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாவோசோவில் கூடவே இனிப்புப் பண்டம் வைப்பார்கள், வேர்க்கடலையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்தவை அதில் முக்கியம். நம் கடலைமிட்டாய் நன்றாகவே பொருந்துகிறது.

சரியாக வரவில்லை என்றால்

தேநீரில் நிறமும் மணமும் போனபின் ஓர் இலையை எடுத்துத் தட்டில் விரித்துப் பாருங்கள். நடுவில் பச்சையும் ஓரத்தில் செம்பழுப்பும் இருந்தால் ஓரத்தை மட்டும் நசுக்கி ஆக்ஸிஜனேற்றிய பழைய கைவேலை தெரியும். அதிகம் வறுத்த இலையில் இது மங்கலாக இருக்கும். தூளும் துண்டுமாகவே இருந்தால் கசப்புக்குக் காரணம் நீங்கள் அல்ல, அந்தப் பொட்டலம்.

இலை முழுசாக இருந்தும் கசந்தால் அடுத்த முறை ஒரு கிராம் குறையுங்கள், நேரத்தைத் தொடாதீர்கள். சப்பென்று இருந்தால் முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். பெரும்பாலும் கொதித்தபின் ஆறவிட்டிருப்பீர்கள், ஒவ்வொரு ஊறலுக்கு முன்பும் மறுபடி கொதிக்க வையுங்கள். மணம் மட்டும் வராவிட்டால் கைவானில் சோப்பு ஒட்டியிருக்கலாம், வெந்நீரில் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.