டீசல் பிக்கப் வாங்கும்போது பலரும் சறுக்கும் இடங்கள்

டீசல் பிக்கப் வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்பதுதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் பெயரில், பத்து வருடத்துக்குள் மூன்று வெவ்வேறு இன்ஜின்களைப் போட்டு விற்றிருக்கும். முதல் இன்ஜின் சம்பாதித்த நல்ல பெயரில் அடுத்ததும் விலைபோகும்.

ஃபோர்டின் பெரிய பிக்கப்களைப் பாருங்கள். 1994 முதல் 2003 வரை அவற்றில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், லேசில் சாகாத இன்ஜின் என்று பெயர் வாங்கியது. அடுத்து வந்த 6.0 லிட்டர் கதையே வேறு. அதில் ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போகவேண்டிய கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குறைந்துபோய், இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் விரிசல் விடும். சிலிண்டர் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் போல்ட்கள் நீண்டுகொடுத்து, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வண்டி. ஜிஎம் கம்பெனியின் டீசல் இன்ஜினான டியூராமேக்ஸிலும் 2001 முதல் 2004 வரை வந்த எல்பி7 வகையில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான் தலைவலி. இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் மாற்றுவது சின்ன வேலை இல்லை.

சரி, கம்மின்ஸ் இன்ஜின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. டாட்ஜின் ராம் பிக்கப்பில் வந்த பழைய கம்மின்ஸ் 5.9 லிட்டர் 12 வால்வ் இன்ஜின் உழைப்பாளிதான். ஆனால் அதிலும் டைமிங் கியர் பக்கம், பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின் என்ற சிறிய முளை உண்டு. அது தளர்ந்து கியருக்குள் விழுந்தால் இன்ஜினே சேதமாகும். அந்த முளை வெளியே வராமல் ஒரு சிறிய தகட்டைப் பொருத்தித் தடுத்துவிடலாம், ஆகவே அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வ் இன்ஜினில் விபி44 என்ற எலக்ட்ரானிக் டீசல் பம்ப். அதற்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. டீசலைத் தள்ளிக்கொடுக்கும் லிஃப்ட் பம்ப் பலவீனமானால் விபி44-உம் சேர்ந்து போய்விடும்.

புதியதுதான் பாதுகாப்பு என்பதும் தவறு. சிபி4 என்ற உயர் அழுத்த டீசல் பம்ப், 2011 முதல் வந்த ஃபோர்டு 6.7 லிட்டரிலும் 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸிலும் இருந்தது. இது உள்ளே தேய்ந்து உடைந்தால் தன்னோடு நிற்காது. இரும்புத்தூள், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாய், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றுக்கும் பரவி, எரிபொருள் பாதை முழுவதையும் மாற்றவைக்கும். ராம் 2019-இல் இதே பம்புக்கு மாறி, பிறகு திரும்ப அழைத்து, பழைய சிபி3-க்கே போனது. ஆக, கேட்கவேண்டியது கம்பெனி பெயரை அல்ல: எந்த இன்ஜின், எந்த வருடம், அதன் தெரிந்த கோளாறு சரிசெய்யப்பட்டதா, அதற்கு பில் இருக்கிறதா?

அடுத்தது, நம் ஓட்டம் எப்படி என்று பார்க்காமல் டீசலை வாங்குவது. இன்றைய டீசல்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உண்டு. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அது முழுதாக எரிந்து முடியாது, ஃபில்டர் அடைக்கும். அப்படித்தான் உங்கள் ஓட்டம் என்றால் பெட்ரோல் வண்டியே மேல். இன்னொன்று, டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்த வண்டியை "தொல்லை இல்லாத வண்டி" என்று சொல்லி விற்பார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். கூடவே பவர் ஏற்றும் ட்யூனும் போட்டு விரட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நான் அந்த வண்டிப் பக்கமே போகமாட்டேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது சூடான இன்ஜினில்தான். நீங்கள் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள். தேய்ந்த இன்ஜெக்டர், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக் கெட்டுப்போனது, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) குறைந்தது எல்லாம் குளிர்ந்த இன்ஜினில்தான் வெளிப்படும். ஆகவே பானட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடு இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வரும் லேசான வெள்ளைப் புகை சீக்கிரம் நின்றால் பயமில்லை. நிற்காமல் வந்தால் எரியாத டீசலோ கூலன்டோ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிறகு இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். கொஞ்சம் ஆவி வருவது டீசலில் சகஜம். கொதிக்கும் பானையின் மூடி போலக் குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். நல்ல மெக்கானிக் கூட இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். எந்த இன்ஜெக்டர் தேய்ந்து டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும்.

ஓடோமீட்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து. வேலைத்தளத்தில் நாள் முழுக்க ஐட்லிங்கில் நின்ற வண்டி கிலோமீட்டரே காட்டாது. இன்ஜினோ ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும். இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் வசதி இருந்தால் கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். 1,00,000 கிலோமீட்டரும் 5,000 மணியும் என்றால் சராசரி வேகம் 20. பாதி ஆயுளை நின்றே கழித்த வண்டி அது. 2,00,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியையே நான் எடுப்பேன்.

சேசிஸில் துரு, வெல்டிங் அடையாளம், கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவே கோணலான இடைவெளி ஆகியவற்றை வண்டிக்கு அடியில் படுத்தே பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் தெரியாது.

கடைசியாகச் சுமை. விளம்பரத்தில் இருக்கும் இழுவை எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள், டீசல் இன்ஜினின் கூடுதல் எடை ஏற்றும் அளவிலிருந்து கழிகிறது என்பதைக் கவனிப்பதில்லை. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை வண்டியின் கொக்கியில் இறங்கும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. அதோடு ஆட்கள், கருவிகள் எல்லாம் சேர்ந்து, அந்த வண்டிக்கென்று குறித்திருக்கும் சுமை அளவுக்குள் அடங்க வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ தகட்டிலோ இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை வாசித்துவிடுங்கள்.