பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பின்னால் மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

கோவை காந்திபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் விற்பதில்லை. அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் கிடையாது. ஆனால் கவுன்சலிங் முடிந்து சீட் உறுதியான வாரத்திலிருந்து கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி யோசனை கேட்கத்தான் வரும்.

"ஏனுங்க தம்பி, பையனுக்கு ஐ7 வாங்கிடலாமுங்களா? கடைக்காரரு அதுதான் பெஸ்ட்டுங்கறாரு."

"தம்பி என்ன குரூப்புங்க அக்கா?"

"பி.காமுங்க."

பி.காம் படிக்க ஐ7 என்ற விலை கூடிய பிராசசர் (லேப்டாப்பின் மூளை) வேண்டாம். அந்தக் காசை எங்கே போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

லேப்டாப்பில் சிலவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்: எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), பேட்டரி, கீபோர்டு, பல மாடல்களில் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்). சிலவற்றை மாற்றவே முடியாது, அல்லது மாற்றப் போனால் செலவு அதிகம்: பிராசசர், திரை, மூடியும் ஹின்ஜும் (மூடியை உடலோடு இணைக்கும் கீல்), போர்டிலேயே சால்டர் செய்த (ஈயம் வைத்து ஒட்டிய) ரேம். காசு குறைவாக இருந்தால் முதல் வகையில் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வகையில் குறைக்காதீர்கள். கடையில் இதற்கு நேர் தலைகீழாக நடக்கிறது. "1 டிபி எஸ்எஸ்டி சார்" என்று காட்டி, மங்கலான திரையையும் பழைய பிராசசரையும் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பிராசசரில் ஐ3, ஐ5 என்ற பெயரை மட்டும் பார்க்காமல் முழு எண்ணையும் கேளுங்கள். இன்டெல்லில் ஐ5-1235யு என்றால் 12-ம் தலைமுறை. கடைசியில் யு இருந்தால் கரண்ட் சிக்கனம், எச் இருந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 2024 முதல் வந்த பலவற்றில் ஐ என்ற எழுத்தே இல்லை, வெறும் கோர் 5, கோர் 7 என்று இருக்கும். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒரே ஷோகேஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி). 7530-ல் அது 3, ஜென் 3, ஆறு கோர். முதலாவதில் ரேமும் சால்டர் செய்தே வரும், பின்னால் ஏற்ற முடியாது. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ரைசன் 5 என்றுதான் இருக்கும்.

ரேம் காலேஜுக்கு 16 ஜிபி இருந்தால் நல்லது. இப்போது 8 ஜிபிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பரவாயில்லை, காலி ஸ்லாட் இருக்கிற மாடலாகப் பாருங்கள். மூன்றாம் வருடம் பிராஜெக்ட் வரும்போது ஒரு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். 2025 இறுதியில் ரேம் விலை ஏறியதால் இந்தக் கணக்கை வாங்குகிற அன்றைய விலையில் போட்டுப் பாருங்கள். காலி ஸ்லாட் உண்டா என்று விற்பனையாளரிடம் கேட்டால் "இருக்கும் சார்" என்பார். டெமோ லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் போர்டோடு ஒட்டியது. 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றலாம். ஸ்லாட் எண்ணிக்கையும் அங்கேயே தெரியும். சால்டர் செய்த சில மாடல்களில் 'நான்கில் நான்கு ஸ்லாட்' என்பது போல் ஏதாவது காட்டும், அதை நம்ப வேண்டாம்.

அடுத்து ஹின்ஜ். என் கடைக்கு வரும் மாணவர் லேப்டாப்களில் எனக்கு மிகவும் கடுப்பேற்றுவது இதுதான், வாங்கும்போது யாரும் பார்க்காததும் இதுதான். மூடிக்குள் இருக்கும் ஹின்ஜ் இரும்பு. அது நேராகப் பிளாஸ்டிக்கில் முடுக்கப்படுவதில்லை. பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னத் தூண்கள், அவற்றுக்குள் மிளகளவு பித்தளை நட்டுகள், அந்த நட்டுகளில்தான் ஸ்க்ரூ ஏறும். நாளாக ஆக ஹின்ஜ் இறுகும். பையன் தினமும் மூடியின் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறப்பான். ஒரு நாள் 'டிக்' என்று சத்தம் வரும், நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்துவிடும். அதற்குப் பிறகும் திறந்து மூடினால் மூலை வாய் பிளக்கும், கடைசியில் திரையும் போகும். வாரண்டியில் கேட்டால் பெரும்பாலும் 'உடைந்த பொருள்' என்று கை விரித்துவிடுவார்கள். நாங்கள் அரால்டைட் பசை ஊற்றித் தகடு வைத்துக் கட்டுவோம், ஆனால் அது புதிதுபோல் ஆகாது.

அதனால் கடையில் இதைச் செய்யுங்கள். மூடியின் நடு விளிம்பை ஒரே விரலால் தூக்குங்கள். அடிப்பாகம் மேசையை விட்டு எழும்பாமல் சீராகத் திறக்க வேண்டும். பாதி திறந்த நிலையில் இரண்டு மூலைகளையும் லேசாக எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். அப்பளம்போல் நெளிந்தால் வேண்டாம். கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழியக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

திரைக்கு வாருங்கள். ஃபுல் எச்டி, ஐபிஎஸ் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை) இரண்டும் கட்டாயம். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் கருத்தாலோ வெளுத்தாலோ அது பெரும்பாலும் டிஎன் என்ற மலிவான பேனல். விலை குறைந்த மாடல்களின் விவரத்தில் '250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சி என்பது காட்டும் நிறங்களின் அளவு. கோடிங், கணக்குப்பதிவுக்கு அது ஓடும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் 250 நிட்ஸ் மங்கல்தான். விஸ்காம், ஃபேஷன் டிசைன், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) என்று தெளிவாகப் போட்டிருப்பதை மட்டும் வாங்க வேண்டும், இல்லையென்றால் திரையில் ஒரு நிறம், பிரின்டில் வேறு நிறம். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். 64, 128 ஜிபி இஎம்எம்சி என்று இருந்தால் அது போர்டில் ஒட்டிய சேமிப்பு, பள்ளிப் பிள்ளைக்குக்கூட வேண்டாம்.

படிப்பைப் பொறுத்துச் சில விஷயங்கள் மாறும். பிளஸ் ஒன், பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் சி++, பைத்தான், மைஎஸ்க்யூஎல் வருகிறது. இவை எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், 8 ஜிபி தாராளம். கலை, வணிகம், தமிழ் இலக்கியம் எல்லாம் இதே கணக்குதான். எடை குறைந்த 14 இன்ச் பாருங்கள், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். சிஎஸ்இ, ஐடி பிள்ளைகள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போன்போல் ஓடும் சாஃப்ட்வேர்) ஓட்டுவார்கள். 16 ஜிபி இல்லாமல் அது நகராது. மெக்கானிக்கலில் சாலிட்ஒர்க்ஸ், சிவிலில் எடாப்ஸ், ஆர்க்கிடெக்சரில் ரெவிட், இந்த டிசைன் சாஃப்ட்வேர்கள் எல்லாமே விண்டோஸில் மட்டும் ஓடுபவை. இந்தப் பிள்ளைகள் மேக்புக் கேட்டால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். ஆப்பிளின் சொந்த சிப் உள்ள இப்போதைய மேக்கில் விண்டோஸை நேரடியாகப் போட முடியாது. சிஎஸ்இ, விஸ்காமுக்கு மேக்புக் நல்ல பொருள்தான். ஆனால் அதில் ரேம், சேமிப்பு எதையும் பின்னால் ஏற்ற முடியாது, முதல் நாளே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாதான் பிராஜெக்ட் பண்ண முடியும்ப்பா" என்று பையன் சொன்னால், எந்த பிராஜெக்ட், எந்த சாஃப்ட்வேர் என்று சிரிக்காமல் கேளுங்கள். 3டி ரெண்டரிங், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் என்றால் நியாயம், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசையில் 6 ஜிபி மெமரி உள்ளதாகப் பாருங்கள். மற்றபடி அது கேம்தான். விளையாடட்டும், தப்பில்லை. ஆனால் கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், செங்கல் மாதிரி அடாப்டரையும் கூடவே சுமக்க வேண்டும், பிளக் பாயின்ட் இல்லாத வகுப்பறையில் மதியம் வரை தாங்காது.

50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் புதிதைவிடப் பழைய ஆபீஸ் மாடலை நான் சில சமயம் சிபாரிசு செய்வேன். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வரிசைகள் ஐடி கம்பெனிகளிலிருந்து லாட்டாக வெளியே வரும். ஹின்ஜ் கல் மாதிரி இருக்கும், பலவற்றில் ரேம் கழற்றலாம். ஒரே நிபந்தனை: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையாவது வேண்டும். 6, 7-ம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் போட்டு விற்கிறார்கள். மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல் பிராசசர் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு போல 8-ல் தொடங்கினாலோ அதற்கு மேற்பட்ட தலைமுறையாக இருந்தாலோ சரி. அப்புறம் டச்பேடைக் கவனியுங்கள். மேலே புடைத்திருந்தாலோ கிளிக் ஆகாமல் விறைத்திருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கும், அதைத் தொடவே வேண்டாம். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னால் முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற அளவும் தெரியும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

பணம் கட்டும்முன் இன்னும் சில. 'டாஸ் லேப்டாப் (விண்டோஸ் இல்லாமல் வருவது), விண்டோஸ் நாங்களே போட்டுத் தர்றோம்' என்றால் அது பெரும்பாலும் கிராக் வெர்ஷன், வைரஸும் இலவசமாகச் சேர்ந்து வரும். ஆபீஸ் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் ஒரு வருடச் சந்தாவா, நிரந்தரமா என்று கேட்டு, கடைக்காரர் கணக்கில் இல்லாமல் பிள்ளையின் கணக்கிலேயே ஏற்றுங்கள். காலேஜ் இமெயிலுக்கு ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கலாம், ரெவிட் போன்ற ஆட்டோடெஸ்க் சாஃப்ட்வேர்கள் மாணவர்களுக்கு இலவசம். இவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். வாரண்டியில் ஆள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்று பாருங்கள்; உடுமலையில் இருக்கிறவருக்கு இது ஒரு நாள் லீவு விஷயம். ஜிஎஸ்டி பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள்.

கல்விக் கடன் எடுக்கிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: படிப்புக்குத் தேவையென்றால் கம்ப்யூட்டர் விலையையும் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. கைக்காசு போட்டு வாங்குவதற்கு முன்பே கடையில் கொட்டேஷன் வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள்.

ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைக் கொடுத்து அனுப்பாதீர்கள். எர்த் இல்லாமல் சார்ஜ் போட்டால் உலோக உடல் லேப்டாப்பில் கை வைக்கும்போது சுறுசுறுவென்று இருக்கும். அடாப்டரில் கசியும் சின்ன கரண்டுக்குப் போக வழி இல்லாததால் வருவது அது. "லேப்டாப் ஷாக் அடிக்குது" என்று என்னிடம் தூக்கி வருவார்கள். எர்த் உள்ள பாயின்டில் போட்டால் நின்றுவிடும். எர்த் உள்ள ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்து, அதை எர்த் வேலை செய்கிற மூன்று பின் பாயின்டில்தான் செருக வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள்.