முதல் இன்ஜின் பில்டா? ஹார்மோனிக் பேலன்சரை சுத்தியலால அடிச்சு ஏத்தாதீங்க

முதல் தடவை ஒரு ஸ்மால் பிளாக் செவ்ரலே 350 (350 கன இஞ்ச் வி8 இன்ஜின்) கட்டுறீங்கன்னா கிராங்க் போட்டு, பிஸ்டன் போட்டு, டைமிங் செயின் மாட்டி, கவரும் மூடி முடிச்ச உடனே ஒரு தைரியம் வரும் பாருங்க, அங்கதான் ஹார்மோனிக் பேலன்சர்ங்கற இந்த கனமான வட்டத் துண்டு கைக்கு வரும். கிராங்க் மூக்குல, அதாவது கிராங்க் ஷாஃப்டோட முன் முனைல வச்சுப் பார்த்தா கொஞ்சம் கூட உள்ள போகாது. பக்கத்துல நிக்கிறவர் யாராவது ஒரு மரக்கட்டைய வச்சு நாலு போடு போடு ஏறிடும்னு சொல்வார். ஏறும்தான், ஏறாதுன்னு நான் சொல்லல. ஆனா அந்த அடி எங்க போய் விழுதுன்னு தெரிஞ்சா கை வராது.

மொதல்ல இது என்ன வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். ஒவ்வொரு சிலிண்டர்லயும் பெட்ரோல் வெடிக்கும்போது கிராங்க் லேசா முறுக்கிக்கிட்டு திரும்ப விடுபடும், இரும்புதானே எங்க முறுக்கும்னு நினைக்காதீங்க, நிஜமாவே முறுக்கும். பின்னாடி ஃபிளைவீல் கனமா பிடிச்சிருக்கு, முன்னாடி மூக்கு சும்மா நிக்குது, அதனால ஆட்டம் அங்கதான் அதிகம். இது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல கிராங்கோட சொந்த அதிர்வோட சேர்ந்துக்கிச்சுன்னா ஆட்டம் கூடிக்கிட்டே போய் கிராங்கே கிராக் விடலாம். பேலன்சர்ல நடுவுல ஒரு ஹப், வெளியில ஒரு கனமான வளையம், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர். வெளி வளையம் ஹப்புக்கு கொஞ்சம் பின்தங்கி ஆடும்போது அந்த ரப்பர் அதிர்வை வாங்கி சூடா மாத்திடும். அவ்வளவுதான் விஷயம்.

இப்ப சுத்தியல் கதைக்கு வாங்க. வெளி வளையத்துல அடிச்சா ரப்பர் ஒட்டு விட்டுப்போய் வளையம் நகரும், அதுல இருக்கற டைமிங் கோடும் கூடவே நகரும். சரி ஹப்புலயே அடிக்கிறேன்னா, அந்த அடி மொத்தமும் கிராங்க் வழியா பின்னாடி போய் அஞ்சாவது மெயின் பேரிங்ல விழும், ஏன்னா இந்த இன்ஜின்ல கிராங்க் முன்ன பின்ன நகராம பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங் அங்கதான் இருக்கு. புது பேரிங், நீங்களே கேப் அளந்து பாத்து போட்டது. அதுக்கு எதுக்கு இந்த அடி?

இதுல ஒரு நியாயமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 1955ல இந்த இன்ஜின் வந்தப்போ நிறைய கிராங்க்ல மூக்குல போல்ட் ஓட்டையே கிடையாது, பேலன்சர் வெறும் இறுக்கத்துலயே நிக்கும், அந்தக் காலத்து ஆளுங்க அடிச்சு ஏத்திப் பழகினதும் அதனாலதான். உங்க கைல அப்படி பழைய 283 இல்ல 327 கிராங்க் இருந்துச்சுன்னா, இன்ஜின் கட்டுறதுக்கு முன்னாடியே மெஷின் ஷாப்ல குடுத்து 7/16-20 த்ரெட் போட்டு வாங்கிடுங்க. கிராங்க் பிளாக்குக்குள்ள போனப்புறம் அந்த வேலை பெரிய ரோதனை.

ஏத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு, உண்மையச் சொன்னா ஏத்துற வேலைய விட இதுக்குத்தான் நேரம் ஆகும். மைக்ரோமீட்டர்ல கிராங்க் மூக்கையும் போர் கேஜ்ல ஹப் ஓட்டையையும் அளங்க. ஓட்டை மூக்கை விட சுமார் 0.0007ல இருந்து 0.0015 இஞ்ச் வரைக்கும் சின்னதா இருக்கணும், அதாவது லேத் பட்டறை பாஷைல ஒரு தவ்வுக்கு (இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) முன்ன பின்ன. இதை விட லூஸா இருந்தா பேலன்சர் ஆடி ஆடி கீயையும் (பேலன்சர் தனியா சுத்தாம பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) அது உக்கார்ற கீவே பள்ளத்தையும் தின்னுடும். ரொம்ப டைட்டா இருந்தா ஹோன் பண்ணித்தான் சரி பண்ணணும், அதை மெஷின் ஷாப்ல விடுங்க, எம்மரி பேப்பரை விரல்ல சுத்தி ஓட்டைக்குள்ள தேய்க்கிற வேலை மட்டும் வேணாம், ஓட்டை வட்டமா இருக்காது.

அடுத்து பேலன்ஸ். 350க்கு முன்பக்கம் வெயிட் இல்லாத சாதா பேலன்சர். 400க்கு வெளியில வெயிட் வச்சு பேலன்ஸ் பண்ணினது. ரெண்டும் மூக்குல ஏறும், அதுதான் ஆபத்தே. 1986ல இருந்து வந்த ஒன் பீஸ் ரியர் சீல் (பின்பக்க ஆயில் சீல் ஒரே வளையமா இருக்கற) 350ல பின்னாடி ஃபிளைவீல்லதான் வெயிட், முன்னாடி சாதாதான். 383 கட்டுறீங்கன்னா ரெண்டு மாதிரியும் உண்டு, பேலன்ஸ் பண்ணிக்குடுத்த ஷாப்ல எதை மாட்டச் சொன்னாங்களோ அதைத்தான் மாட்டணும், ஊகத்துல வாங்காதீங்க.

பழைய பேலன்சரையே போடுறதா இருந்தா ரப்பரை நல்லா பாருங்க. வெடிப்பு, வெளிய பிதுங்கல், வளையம் ஹப்போட மட்டமா இல்லாம ஒரு பக்கம் தள்ளி நிக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் புதுசு வாங்கிடுங்க, இவ்வளவு செலவு பண்ணி இன்ஜின் கட்டிட்டு இங்க மிச்சம் பிடிக்காதீங்க. ஹப்ல ஆயில் சீல் உரசுற இடத்துல நகத்துல தட்டுப்படுற மாதிரி பள்ளம் இருந்தா அதுக்கு மெல்லிசான ரிப்பேர் ஸ்லீவ் கிடைக்கும், இல்லேன்னா புது சீல் போட்டும் ஆயில் ஒழுகும்.

சரி, ஏத்தலாம். மூக்கைத் துடைச்சு, பிசிறு இருந்தா நைஸ் ஃபைல்ல எடுத்துட்டு, கீ ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, மூக்குலயும் ஹப் உள்பக்கமும் லேசா ஆயில் தடவுங்க. சீல் உதட்டுல கிரீஸோ ஆயிலோ கட்டாயம், காய்ஞ்ச சீல் முதல் ஸ்டார்ட்லயே கிழிஞ்சிடும். ஹப்போட கீவே பள்ளத்துல ஒரு பொட்டு ஆர்டிவி (சிலிகான் சீலன்ட்) வைங்க, அந்த வழியா ஆயில் மெதுவா கசிஞ்சு வெளிய வரும், வந்தா எல்லாரும் சீலைத்தான் திட்டுவாங்க.

பேலன்சரை ஏத்துற டூல்னா பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு த்ரெட் போட்ட ராடு, ஒரு பேரிங், ஒரு பெரிய நட்டு. அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயே டெபாசிட் வாங்கிட்டு இரவல் தர்றாங்க. ராடை கிராங்க் த்ரெட்ல நல்லா உள்ள வரைக்கும் ஏத்துங்க, நாலு சுத்தோட நிறுத்தக் கூடாது. பேலன்சரை கீக்கு நேரா பிடிச்சு, பேரிங்கை வச்சு, ஒரு ஸ்பேனர்ல ராடு சுத்தாம பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணுல நட்டை டைட் பண்ணிக்கிட்டே போங்க. நேரா போகுதான்னு அப்பப்போ பாருங்க. ஒரே சீரா இறங்கிட்டு வந்து திடீர்னு கல்லு மாதிரி நிக்கும், அதுதான் ஹப் டைமிங் கியர்ல போய் முட்டின இடம். பாதியிலயே அப்படி நின்னா பலம் காட்டாதீங்க, கழட்டி கீயைப் பாருங்க. கழட்டுறதுக்கும் முன்னாடி இருக்கற மூணு 3/8 ஓட்டைல மாட்டுற புல்லர்தான், வளையத்தைக் கொக்கி போட்டு இழுக்கிற புல்லர் கூடாது.

கிராங்க் போல்ட்டையே வச்சு இழுத்துடலாமேன்னு தோணும். பேலன்சர் வெளிய நிக்கும்போது அந்த போல்ட் நாலஞ்சு த்ரெட்லதான் பிடிக்கும், மொத்த இறுக்கமும் அதுமேல, த்ரெட் உரிஞ்சுதுன்னா முடிஞ்சுது. சிலர் ஹப்பை வெந்நீர்ல போட்டு சூடு பண்ணி ஏத்துவாங்க, லேசான சூடு பரவாயில்ல, ஆனா ரப்பர் இருக்கற பொருள், நெருப்பு காட்டவே காட்டாதீங்க.

கடைசியா தடியான வாஷரோட போல்ட்டைப் போட்டு, போல்ட் தானா கழராம பிடிக்கிற நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, 60 பவுண்டு அடி டார்க், அதாவது சுமார் 81 நியூட்டன் மீட்டர். கிராங்க் சுத்தாம இருக்க ஃபிளைவீல் பக்கம்தான் பிடிக்கணும், பேலன்சர் வளையத்துல இல்ல. எல்எஸ் (இதுக்குப் பின்னாடி வந்த புது வகை வி8) இன்ஜின்காரங்க இந்த நம்பரைத் தொடாதீங்க, உங்களுக்குக் கணக்கே வேற. அதுல கீயே கிடையாது, பழைய எம்16 போல்ட்டை 240 பவுண்டு அடிக்கு இறுக்கி பேலன்சரை உக்கார வச்சு, கிராங்க் மூக்கு ஹப்புக்குள்ள 2.4ல இருந்து 4.48 மில்லிமீட்டர் உள்ளடங்கி இருக்கான்னு அளந்து, அப்புறம் புது போல்ட் போட்டு 37 பவுண்டு அடி, அதுக்கு மேல 140 டிகிரி.

டார்க் வச்சாச்சுன்னு ஸ்டார்ட் பண்ணப் போயிடாதீங்க, டைமிங் கோடு பொய் சொல்லுதான்னு பாக்கணும். 1968 வரைக்கும் வந்த பேலன்சர்ல கோடு கீவேக்கு 2 டிகிரி முன்னாடி, 1969ல இருந்து 10 டிகிரி, அதனால ஒரு வருஷத்து பேலன்சரையும் இன்னொரு வருஷத்து கவர் டேபையும் (டைமிங் கவர்ல டிகிரி குறிச்சிருக்கற தகடு) கலந்தா டைமிங் லைட் 8 டிகிரி தப்பா காட்டும், நீங்க கார்புரேட்டரைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பீங்க. ஒண்ணாம் சிலிண்டர் பிளக் ஓட்டைல பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டன் மேல வராம முட்டி நிறுத்துற டூல்) மாட்டி, கையால மெதுவா ஒரு பக்கம் முட்டுற வரைக்கும் சுத்தி டேப் ஜீரோவுக்கு நேரா பேலன்சர்ல ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சுத்தி இன்னொரு கோடு, ரெண்டுக்கும் சரியா நடுவுல இருக்கறதுதான் நிஜமான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சில நிக்கிற இடம். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீங்க, பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். வளையத்துல இருக்கற கோடு அந்த நடுவோட ஒத்துப்போகலேன்னா புது கோடு போட்டுக்கோங்க இல்ல டேபை மாத்துங்க, அப்படியே ஹப்புல இருந்து வளையம் வரைக்கும் குறுக்கா ஒரு பெயின்ட் கோடும் இழுத்துடுங்க, ரப்பர் விட்டு வளையம் நகர்ந்துச்சுன்னா அந்தக் கோடு உடைஞ்சு தெரியும்.