ஒசாகாவின் மினாமி: சுற்றிப் பார்க்கவும் வாங்கவும் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் ஒசாகா நகரத்தின் தெற்குப் பக்கத்தில் நம்பா, ஷின்சாய்பாஷி, டோட்டன்போரி, நிப்போன்பாஷி எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பகுதியை உள்ளூர்க்காரர்கள் மினாமி என்பார்கள். பயணிகள் பலர் இதற்கு ஒரே ஒரு மாலையைத்தான் ஒதுக்குகிறார்கள். ஆறு மணிக்கு வந்து, பாலத்தில் நின்று படம் எடுத்து, கூட்டத்தில் இடிபட்டு, கண்ணில் பட்ட பெரிய கடையில் கூடையை நிரப்பி, களைத்துப்போய் ஓட்டலுக்குத் திரும்புகிறார்கள். இங்கே நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான். மினாமியில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் போனால் அது நன்றாகக் காட்சி தரும், தவறினால் மூடிய ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

குரோமோன் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 580 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட மீன், காய், பழச் சந்தை. இதை இரவுச் சந்தை என்று நினைத்துக்கொண்டு ஏழு மணிக்கு வருகிறவர்கள் நிறைய. அப்போது பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலை பத்து, பதினொரு மணி வாக்கில் வருவதுதான் சரி. இன்னொன்று, முன்பு ஊர்ச் சமையல்காரர்களுக்கான சந்தையாக இருந்த இது இப்போது பெரிதும் பயணிகளை நம்பி நடக்கிறது. ஒரு குச்சி வாக்யூ மாட்டிறைச்சியோ ஒரு நண்டுக் காலோ சில ஆயிரம் யென் ஆகிவிடும். விலைப் பலகையைப் பார்க்காமல் கை நீட்டாதீர்கள். வாங்கியதைத் தின்றுகொண்டே நடக்கவும் வேண்டாம். வாங்கிய கடைக்கு முன்னாலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு நகருங்கள். தெருவில் குப்பைத் தொட்டி தேடி அலைவதும் மிச்சம். அப்படியும் கையில் சேரும் குப்பைக்கு ஒரு சின்னப் பை வைத்துக்கொள்வது நல்லது.

குரோமோனிலிருந்து கொஞ்சம் நடந்தால் சென்னிச்சிமே டோகுயாசுஜி. ஓட்டல்காரர்கள் பாத்திரம் வாங்கும் தெரு, 150 மீட்டர்தான் இருக்கும். என்னைக் கேட்டால் மினாமியில் பணத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இதுவும் பகல் தெருதான், மாலை ஆறு மணிக்குள் அடங்கிவிடும். இங்கே எல்லோரும் முதலில் தேடுவது கத்தி. பக்கத்து ஊரான சகாய் பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பேர்போன இடம் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் நம் வீட்டுச் சமையலை மறந்துவிட்டு அழகைப் பார்த்து வாங்குவது தவறு. சஷிமி என்னும் பச்சை மீன் துண்டுகளை வெட்டும் நீளக் கத்திகள் ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தவை. பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கென்றே செய்தவை. அதில் வெங்காயம் அரிந்தால் கத்தி ஒரு பக்கமாக இழுக்கும். கார்பன் எஃகுக் கத்தி அபாரமான கூர்மை தரும். ஆனால் புளி, எலுமிச்சை, தக்காளி பட்டுத் துடைக்காமல் விட்டால் சட்டென்று கறுத்துத் துருப்பிடிக்கும். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இல்லையென்றால், துருப்பிடிக்காத எஃகில் இரண்டு பக்கமும் சாணை பிடித்த, எல்லாச் சமையலுக்குமான சன்தொகு கத்தி அல்லது காய்கறிக்கான நாகிரி வாங்குங்கள். எதை வாங்கினாலும் தேங்காய் உடைக்கவோ எலும்பு வெட்டவோ கூடாது. ஜப்பானியக் கத்தியின் விளிம்பு மெல்லியது, கடினமானது. கண்ணாடி மாதிரி சில்லு தெறித்துவிடும்.

வாங்கிய கத்தியைக் கடைக்காரர் சுற்றிக் கொடுத்தபடியே ஓட்டல் அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் எடுத்துக்கொண்டு திரிவது ஜப்பானில் சட்டப்படி குற்றம். புதிதாக வாங்கி, பிரிக்காமல், பில்லோடு கொண்டுபோவதற்குக் காரணம் சொல்ல முடியும். பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு நாலு நாள் ஊர் சுற்றினால் சொல்ல முடியாது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அதே தெருவில் டகோயாகி என்னும் ஆக்டோபஸ் உருண்டை சுடும் வார்ப்பிரும்புத் தட்டும் கிடைக்கும். பணியாரம் ஊற்றவும் கைகொடுக்கும் என்பதால் அதை வாங்கிப் போகலாம். அடுப்பில் வைக்கும் தட்டாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரத்தில் ஓடும் தட்டு வேண்டாம். காரணம் இதுதான்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230. இங்கே உள்நாட்டுக்கென்று விற்கும் ரைஸ் குக்கர், முடி உலர்த்தி, மசாஜ் இயந்திரம் எதையும் ஊரில் நேராகச் செருகினால் கருகிவிடும். நிப்போன்பாஷியின் மின்சாதனக் கடைத்தெருவான டென்டென் டவுனில் மின்சாதனம் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் கவலையில்லை. வெறும் 100 என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்கென்று தயாரான 220 வோல்ட் மாடல்களைத் தனியாக வைத்திருக்கும் கடைகளும் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். கேமரா வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கான சில கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும், மாற்ற வழியே இருக்காது. வாரன்ட்டியும் ஜப்பானுக்குள் மட்டும் செல்லும்படி இருக்கலாம். விலை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்கினால் பிறகு வருத்தப்பட வேண்டிவரும்.

இனி வரி. இதில்தான் குழப்பம் அதிகம். ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். கட்டி எடுத்துப்போகும் உணவுக்கு 8, அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. விலைச் சீட்டில் பல கடைகள் இரண்டு எண் போடுகின்றன. பெரிய எழுத்தில் இருப்பது வரிக்கு முந்தைய விலை, கீழே சின்னதாக இருப்பதுதான் நீங்கள் கொடுக்கப்போவது. குறுகிய காலப் பயணியாக வந்தவர்கள் வரிவிலக்கு தரும் ஒரே கடையில் ஒரே நாளில் வரி சேர்க்காமல் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் வரிவிலக்கு உண்டு. அதற்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். நகல் செல்லாது, போனில் எடுத்த படமும் செல்லாது. ஓட்டல் லாக்கரில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வருவது இன்னொரு வகையிலும் தப்பு. பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இந்த வரிவிலக்கு முறையே மாறுகிறது. 2026 அக்டோபர் 31 வரை கடையிலேயே வரியைக் கழித்துத் தருவார்கள். அழகுசாதனம், மருந்து, தின்பண்டம் போன்றவற்றை ஒட்டிய பையில் போட்டுக் கொடுப்பார்கள், நாட்டை விட்டுக் கிளம்பும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து, கடையில் வரியோடு முழு விலையும் கொடுத்துவிட வேண்டும். விமான நிலையத்தில் சுங்கத்துறை சரிபார்த்த பிறகு வரி திரும்ப வரும். ஒட்டிய பை இனி இல்லை. ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் பொருளோடு வெளியேற வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்டவும் வேண்டும். எனவே பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு அப்புறம் சுங்க வேலையைப் பார்க்கலாம் என்றிருக்காதீர்கள்.

ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பா பாஸ்போர்ட்டில் தங்களுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கொள்ளலாமே என்று நினைக்கிறார்கள். அந்த விலக்கு பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிறவருக்கு மட்டும். கிளம்பும்போது பெற்றோர் கையில் அந்த லேப்டாப் இல்லையென்றால், பழைய முறையில் வாங்கியதற்கு வரியைக் கட்டச் சொல்வார்கள், புதிய முறையில் வரி திரும்ப வராது. வயதான காலத்தில் அவர்களைச் சுங்க மேசைக்கு முன்னால் பதில் சொல்ல வைப்பது நியாயமில்லை.

கார்டில் பணம் கட்டும்போது இயந்திரம் ‘யென்னிலா, ரூபாயிலா’ என்று கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்த இயந்திரத்துக்காரர் வைத்ததே மாற்று விகிதம், அது பெரும்பாலும் நமக்கு நட்டம். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும், கிளம்பும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். பேரம் பேசும் வழக்கம் இங்கே இல்லை, டிப்ஸும் இல்லை.

சரி, டோட்டன்போரி. 1615-இல் வெட்டி முடித்த கால்வாய் இது. அதன் கரையில் ஓடும் தெருவும் அதே பெயரைத் தாங்கியிருக்கிறது. எபிசுபாஷி பாலத்திலிருந்து தெரியும் கிளிகோ என்னும் மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரர் விளம்பரம் முதலில் 1935-இல் வந்தது. இப்போது ஒளிர்வது 2014-இல் வைத்த ஆறாவது. இரவில் பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்க முண்டியடிப்பதைவிட, படியிறங்கிக் கால்வாயோர நடைபாதைக்கு வந்துவிடுங்கள். நெரிசல் குறைவு, தண்ணீரில் விழும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். பெரிய நண்டும் மற்ற ராட்சதப் பலகைகளும் உள்ள தெருவைப் படம் பிடிக்க, கடைகள் திறக்காத காலை எட்டு மணி நல்ல நேரம். அந்தத் தெருவோடு திரும்பிவிடுவதும் ஒரு தவறு. ஒரே சந்து தெற்கே தள்ளி ஹோசென்ஜி கோயில் இருக்கிறது. பாசியால் முழுக்க மூடிய ஃபுடோ என்னும் பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலைமீது மக்கள் நீர் ஊற்றி வணங்குவார்கள். இருட்டிய பிறகு, விளக்கேற்றிய அந்தக் கல் பாவிய சந்தில் நடந்துவிட்டு வாருங்கள். அது வழிபாட்டு இடம், வணங்குகிறவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘இறைச்சி இல்லை’ என்ற பதிலை நம்பிவிட வேண்டாம். உடோன் நூடுல்ஸின் சாற்றிலும், காய்கறி ஒகோனோமியாகி என்னும் கார அடையின் மாவிலும் மீன் சேர்ந்த தாஷி என்னும் சாறு பெரும்பாலும் இருக்கும். மேலே தூவி ஆடிக்கொண்டிருப்பதும் உலர்ந்த மீன் சீவல்தான். நம்பாவில் எல்லோர் கையிலும் தெரியும் ஆவி பறக்கும் பெரிய பன்னுக்குள் பன்றி இறைச்சி. மீனோ தாஷியோ கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைப் போனில் வைத்துக் காட்டுங்கள், முடியாது என்றால் மரியாதையாகவே சொல்லிவிடுவார்கள்.

கால்வாய்க்கு வடக்கே சோஎமோன்சோ பக்கம் இரவில் மதுக்கடைக்கு அழைக்கும் ஆட்களோடு போகவே போகாதீர்கள். மலிவு என்று சொல்லிக் கூட்டிப்போய் எழும்போது பெரிய பில் நீட்டுவது அங்கே நடக்கிறது. புகைப்பிடிக்கிறவர்களுக்கு: 2025 ஜனவரி 27 முதல் ஒசாகா நகரம் முழுக்கத் தெருவில் புகைக்கத் தடை, மீறினால் 1,000 யென் அபராதம்.

வழியைப் பற்றி ஒன்று. ஷின்சாய்பாஷிக்கும் நம்பாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதற்கு மெட்ரோவில் ஏறி இறங்குவது வீண். ஷின்சாய்பாஷி-சுஜி, எபிசுபாஷி-சுஜி இரண்டும் கூரை போட்ட கடைவீதிகள், மழையிலும் பாலத்தில் மட்டுமே நனைவீர்கள். நம்பா என்பது ஒற்றை நிலையம் அல்ல என்பதைத்தான் பலர் கடைசி நாளில் கண்டுபிடிக்கிறார்கள். மூன்று மெட்ரோ பாதைகள், நன்காய் நம்பா, கின்டெட்சு-ஹன்ஷின் ஒசாகா-நம்பா, ஜேஆர் நம்பா எல்லாம் தனித்தனி. நிலத்தடியில் அவற்றுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கவே நேரம் பிடிக்கும். கான்சாய் விமான நிலையத்துக்கு நேராகப் போகிற ரயில் நன்காய் நம்பாவிலிருந்து, தகாஷிமாயா டிபார்ட்மென்ட் கடை இருக்கும் கட்டடத்திலிருந்து கிளம்புகிறது. விரைவு வண்டிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொடுங்கள். பொருளைப் பாதுகாக்கும் காசு லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும், பெரிய பெட்டிக்கான லாக்கர் இன்னும் சீக்கிரம். அன்றைக்குப் பெட்டியை ஓட்டல் வரவேற்பறையில் விட்டுவிட்டுக் கடைகளைப் பாருங்கள். சுங்க வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள்.