நெருக்கமான குத்துச்சண்டைப் பட்டப் போட்டிக்கு நீங்களே புள்ளியிடுவது எப்படி?

உலகப் பட்டத்துக்கான ஆடவர் தொழில்முறைக் குத்துச்சண்டை பெரும்பாலும் தலா 3 நிமிடங்கள் கொண்ட 12 சுற்றுகளாக நடைபெறும். முதலில், ஒவ்வொரு சுற்றையும் தனிப் போட்டியாகக் கருதி, வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என மணி ஒலித்தவுடனேயே எழுதிவிடுங்கள். தாமதித்தால் அடுத்த சுற்றின் விறுவிறுப்பு உங்கள் தீர்ப்பைக் குழப்பிவிடும். ஒரு சுற்றில் ஒருமுறை தரையில் வீழ்த்தப்பட்டவர் அந்தச் சுற்றுக்கு வழக்கமாக 8 புள்ளிகளே பெறுவார்.

உண்மையான சிக்கல், இருவரும் சமமாக ஆடும் சுற்றுகளில்தான் எழுகிறது. முகத்திலோ உடலிலோ தடையின்றிப் பதிந்த குத்துகளுக்கே முதலிடம் தாருங்கள். கையுறையிலும் முழங்கையிலும் பட்டுத் தெறித்தவற்றை, அரங்கம் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும், கணக்கில் சேர்க்காதீர்கள். பலன் தரும் வகையில் முன்னேறித் தாக்குதல், தற்காப்பு, களத்தைத் தன் போக்கில் நடத்தும் திறன் ஆகியவற்றை அதன் பிறகே எடைபோட வேண்டும். வர்ணனையாளரின் குரலை அணைத்துவிடுவது நல்லது, ஏனெனில் அவர் ஒருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். சுற்று சமம் எனக் கருதி இருவருக்கும் 10-10 தருவதை, என் கருத்தில், மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும்.

இறுதியில் உங்கள் கூட்டுத்தொகை நடுவர்களுடையதோடு பொருந்தாவிட்டால் வியப்படைய வேண்டாம். 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்காவின் டியான்டே வைல்டரும் பிரிட்டனின் டைசன் பியூரியும் அதிகனரகப் பிரிவு உலகப் பட்டத்துக்காக மோதியபோது, ஒரு நடுவர் 115-111 என வைல்டருக்கும், மற்றொருவர் 114-112 என பியூரிக்கும் அளிக்க, மூன்றாமவர் 113-113 எனச் சமன்செய்தார். போட்டி சமநிலையில் முடிந்ததால், விதிப்படி பட்டம் நடப்புச் சாம்பியனான வைல்டரிடமே இருந்தது.